ஒரே ஓர் எழுத்துப் பிழை... வளைந்துகொடுக்கும் டி.என்.ஏ! - தையல்காரப் பெண்ணின் பயத்தில் தொடங்கிய கதை

1895-ம் ஆண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் உள்ள ஆன் ஆர்பர் நகரம். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் நோய்க்கூறு மருத்துவராக இருந்த ஆல்ட்ரெட் வார்த்தினுக்கு, பாலின் கிராஸ் என்ற தையல்காரப் பெண்ணைத் தெரியும். அந்தப் பெண் மிகவும் வாடிப்போய் இருப்பதைக் கவனித்த டாக்டர், என்ன விஷயம் என்று விசாரித்தார். தனக்கு ஆயுசு குறைவு என்றார் பாலின். வயிற்றிலோ குடலிலோ கருப்பையிலோ புற்றுநோய் வந்துதான் தான் சாகப்போவதாகவும் சொன்னார். காரணம் கேட்டதற்கு, தன் குடும்பத்தில் பலரும் அப்படித்தான் இறந்துபோனார்கள் என்றார்.

வீண் கவலை என்று சொல்லி அனுப்பிவைத்திருக்கலாம். வார்த்தின் அப்படிச் செய்யவில்லை. உட்கார்ந்து கேட்டார். அந்தக் குடும்பத்தில் யார் யார், எந்த வயதில், எந்த நோயால் போனார்கள் என்று தலைமுறை தலைமுறையாக விவரம் சேர்த்து வரைபடம் போட்டார். உறவினர்களிடம் கேட்டுத் தகவல் திரட்டித் தந்தவர் பாலின்தான். 1913-ல் அந்த வரைபடத்தை வெளியிட்டார் வார்த்தின். மருத்துவ உலகில் அதற்குக் கிடைத்த பெயர், 'ஜி குடும்பம்'. பாலின் எதற்குப் பயந்தாரோ, அதுவே நடந்தது. முதுமையைப் பார்க்காமலேயே கருப்பைப் புற்றுநோயால் இறந்துபோனார்.

அந்தக் குடும்பத்துக்கு அப்படி என்னதான் ஆயிற்று? பதில் கிடைக்க ஏறக்குறைய நூறு வருடங்கள் ஆயின. கிடைத்த பதில் விசித்திரமானது. நம் செல்களுக்குள் இருக்கும் டி.என்.ஏ-வில் ஓர் எழுத்து தப்பாகச் சேர்ந்துவிட்டால், அந்த இடம் மட்டும் கொஞ்சம் தளர்ந்துபோகிறது, எளிதாக வளைகிறது. அந்தத் தளர்ச்சியைத் தொட்டுப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடிக்கும் வேலைக்காரர்கள் நம் உடலில் இருக்கிறார்கள். 'ஜி' குடும்பத்தில் பலருக்கும் அந்த வேலைக்காரர்களில் ஒருவர் சரியாக வேலை செய்யவில்லை.

பெரியதும் சிறியதும் சேர்ந்தால்தான் ஜோடி

டி.என்.ஏ ஒரு முறுக்கிய ஏணி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ஏணியின் ஒவ்வொரு படியும் இரண்டு எழுத்துகள் கைகோத்து நிற்பது. மொத்தம் நான்கே எழுத்துகள்தான். ஏ, ஜி, டி, சி. ஏ-வுக்கு எதிரில் எப்போதும் டி, ஜி-க்கு எதிரில் எப்போதும் சி. 1953-ல் வாட்சனும் கிரிக்கும் சொன்ன இந்த ஜோடிப் பொருத்தம்தான் உயிரின் அடிப்படை.

பாடப் புத்தகத்தில் அதிகம் பேசப்படாத விஷயம் ஒன்று உண்டு. இந்த நான்கு எழுத்துகளும் ஒரே அளவு கிடையாது. ஏ, ஜி இரண்டும் உருவத்தில் பெரியவை. டி, சி இரண்டும் சிறியவை. ஒரு பெரியதும் ஒரு சிறியதும் சேரும்போது எல்லாப் படிகளும் ஒரே அகலத்தில் அமைகின்றன. ஏணி எங்கும் பிதுங்காமல், எங்கும் குறுகாமல் சீராக இருக்கிறது.

இதில் ஏ-வுக்கு எதிரில் ஜி வந்து நின்றால்? இரண்டு பெரியவர்கள் ஒற்றை இருக்கையில் உட்கார்ந்த மாதிரி நெரிசல். சி-க்கு எதிரில் இன்னொரு சி வந்தால், இரண்டும் சிறியவை. கை நீட்டினாலும் ஒழுங்காக எட்டாது. ஜி-க்கு எதிரில் டி வந்துவிட்டால் இன்னும் தந்திரமான நிலை. அளவு சரியாகவே இருக்கும், கைகூடக் கோத்துக்கொள்ளும். ஆனால், சற்று விலகி, கோணலாக. இப்படித் தப்பாகச் சேர்ந்தவற்றைத்தான் 'பொருந்தா ஜோடி' என்கிறார்கள்.

இவை அபூர்வமான விபத்துகள் அல்ல. ஒவ்வொரு முறை செல் இரண்டாகும்போதும் சுமார் 600 கோடி ஜோடிகளைப் பிரதி எடுக்க வேண்டும். பிரதி எடுக்கும் என்சைம், தோராயமாக ஒரு லட்சம் எழுத்துக்கு ஒரு முறை தப்பான எழுத்தைப் பிடித்துவிடுகிறது. கணக்குப் போட்டால் ஒரே ஒரு செல்லில், ஒரே ஒரு முறைக்கு, 60 ஆயிரம் பிழைகள்! நல்லவேளையாக, அந்த என்சைமே எழுதிய கையோடு திரும்பிப் பார்த்து, தப்பான எழுத்தை அழித்துவிட்டு மறுபடி எழுதும். அதில் பிழைகள் நூறில் ஒரு பங்காகக் குறையும். அப்படியும் சில நூறு பிழைகள் தப்பித்து, என்சைம் கடந்து போன பிறகு டி.என்.ஏ-வில் உட்கார்ந்திருக்கும்.

அவற்றை அப்படியே விட்டால் என்ன ஆகும் என்பதுதான் முக்கியம். ஜி-யும் டி-யும் தப்பாக ஜோடி சேர்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை செல் பிரியும்போது ஏணி நடுவில் பிளந்து, இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பிரதி எடுக்கப்படும். ஜி இருக்கும் பக்கத்துக்கு எதிரில் சி வரும். டி இருக்கும் பக்கத்துக்கு எதிரில் ஏ வரும். இப்போது இரண்டுமே லட்சணமான, பொருத்தமான ஜோடிகள். கோணல் இல்லை, நெரிசல் இல்லை. அதில் ஒன்று மட்டும் தப்பான எழுத்து. ஆனால், அது தப்பு என்று சொல்ல உலகத்தில் எந்தச் சாட்சியும் இல்லை. அதற்குப் பிறகு அந்த செல்லின் வாரிசுகள் எல்லாமே அந்தப் பிழையோடுதான் பிறக்கும். இதற்குப் பெயர்தான் மியூட்டேஷன்.

ஆக, பிழையைப் பிடிக்க செல்லுக்கு இருப்பது ஒரே ஒரு வாய்ப்பு. ஜோடி பொருந்தாமல் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான்.

நூல் அல்ல, பிரம்பு

600 கோடி ஜோடிகளுக்கு நடுவில் தப்பான சில நூறை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொன்றையும் பிரித்துப் படித்துப் பார்க்க நேரமில்லை. அனுபவமுள்ள தையற்காரர்கள் என்ன செய்வார்கள்? தைத்த துணியின் ஓரத்தில் விரலை ஓட்டுவார்கள். தையல் விட்டுப்போன இடம் விரலுக்குத் தெரிந்துவிடும். செல்லும் கிட்டத்தட்ட அதைத்தான் செய்கிறது.

டி.என்.ஏ-வை நூல் மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறோம். நீளமாகப் பார்த்தால் நூல்தான். ஆனால், சின்னச் சின்னத் துண்டாகப் பார்த்தால் அது பிரம்பு மாதிரி விறைப்பானது. சுமார் 150 ஜோடிகள் நீளத்துக்கு, அதாவது 50 நானோமீட்டருக்கு, அது பெரும்பாலும் நேராகவே நிற்கப் பார்க்கும். 50 நானோமீட்டர் என்பது தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நமக்கு அது ஒன்றுமில்லை. ஆனால், டி.என்.ஏ-வின் தடிமனே 2 நானோமீட்டர்தான் என்பதால், அதன் உலகத்தில் அது நல்ல நீளம்.

இந்த விறைப்பு எங்கிருந்து வருகிறது? படிகள் ஒன்றன்மீது ஒன்றாக, சில்லறைக் காசுகளை அடுக்கிய மாதிரி நெருக்கமாக உட்கார்ந்திருக்கின்றன. அடுக்கு கலையாமல் வளைப்பது சிரமம். போதாததற்கு ஏணியின் இரண்டு பக்கச் சட்டங்களிலும் எதிர்மின்சுமை வரிசையாக இருக்கிறது. ஒரே வகை மின்சுமைகள் ஒன்றையொன்று தள்ளும். அதுவும் வளையவிடாது.

இதில் ஒரே ஒரு ஜோடி பொருந்தாமல் போனால், காசு அடுக்கில் ஒன்று சாய்ந்த மாதிரி. மேலும் கீழும் உள்ள காசுகளோடு ஒட்டு விட்டுப்போகிறது. பிரம்பில் விரிசல் விட்ட இடம் போல, வளைக்கும்போது அந்த இடத்தில் பொசுக்கென்று மடங்குகிறது. பார்வைக்கு பெரிய வித்தியாசம் தெரியாது. வளைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

வளைத்துப் பார்க்கும் காவலாளி

வளைத்துப் பார்க்கும் வேலையைச் செய்யும் புரதத்துக்கு பாக்டீரியாவில் 'மியூட்-எஸ்' என்று பெயர். 2000-ம் ஆண்டில் நெதர்லாந்திலும் அமெரிக்காவிலும் இரண்டு ஆய்வுக் குழுக்கள், இந்தப் புரதம் டி.என்.ஏ-வைப் பிடித்திருக்கும் நிலையிலேயே அதைப் படிகமாக்கி, எக்ஸ்-ரே மூலம் வடிவத்தைக் கண்டுபிடித்தன. கும்பிடும் இரண்டு கைகளுக்கு நடுவில் டி.என்.ஏ சிக்கியிருக்கிற மாதிரி இருந்தது அந்த வடிவம். பொருந்தா ஜோடி இருக்கும் இடத்தில் டி.என்.ஏ சுமார் 60 டிகிரி மடிந்திருந்தது. அந்த மடிப்புக்குள், மரத்தைப் பிளக்க ஆப்பு இறக்குவது போல, புரதத்தின் ஒரு சின்ன முனை நுழைந்திருந்தது.

சரியாகப் பொருந்திய டி.என்.ஏ-வை இப்படி மடிக்க அதிக சக்தி வேண்டும். பொருந்தாத இடத்தில் பாதி வேலையை டி.என்.ஏ-வே செய்துகொடுத்துவிடுகிறது. எனவே, மியூட்-எஸ் டி.என்.ஏ-வில் வழுக்கிக்கொண்டே போய், ஆங்காங்கே வளைத்துப் பார்க்கிறது. இலகுவாக மடிந்துகொடுக்கும் இடத்தில் நின்றுவிடுகிறது. எந்த எழுத்து இருக்கிறது என்று அது 'படிப்பதில்லை'. எவ்வளவு வளைகிறது என்றுதான் பார்க்கிறது என்று சொன்னால், ஓரளவுக்கு உண்மைதான்.

ஓரளவுக்குத்தான்! ஏனென்றால், சி-க்கு எதிரில் சி வந்த ஜோடி மிகமிகத் தளர்வானவற்றில் ஒன்று. ஆனால், ஈ.கோலை பாக்டீரியாவில் இந்த மியூட்-எஸ் அதைப் பெரும்பாலும் கோட்டை விட்டுவிடுகிறது. மாறாக, கொஞ்சம்தான் கோணலாக இருக்கும் ஜி-டி ஜோடியை அருமையாகப் பிடிக்கிறது. தளர்ந்திருந்தால் மட்டும் போதாது, ஆப்பு நுழைந்து பிடித்துக்கொள்ள இடமும் தோதாக இருக்க வேண்டும். இயற்கை எல்லாவற்றையும் ஒரே சூத்திரத்தில் அடக்கிக் கொடுத்துவிடுவதில்லை.

பிழை இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. அடுத்த கேள்வி இன்னும் சுவாரஸ்யம். ஜி-யும் டி-யும் எதிரெதிரே நிற்கின்றன. இதில் யார் அசல், யார் தப்பாக வந்தவர்? தப்பான ஆளைத் திருத்தினால் பிழை நிரந்தரமாகிவிடுமே!

இந்தப் புதிரை விடுவித்ததில் பெரிய பங்கு பால் மோட்ரிச் என்பவருக்கு உண்டு. நியூ மெக்ஸிகோ மாகாணத்தின் ராட்டன் என்ற சிற்றூரில் 1946-ல் பிறந்தவர். அப்பா பள்ளியில் உயிரியல் ஆசிரியர். வாட்சனும் கிரிக்கும் நோபல் பரிசு வாங்கிய மறுவருடம், இந்த டி.என்.ஏ என்ற சமாசாரத்தைப் பற்றித் தெரிந்துகொள் என்று மகனுக்குச் சொன்னவர் அந்த அப்பாதான். மகன் அந்தப் பேச்சைத் தட்டவில்லை. வாழ்க்கை முழுக்க அதையே படித்தார்.

ஈ.கோலை பாக்டீரியா, தன் டி.என்.ஏ-வில் குறிப்பிட்ட இடங்களில் 'மீத்தைல்' என்ற சிறு ரசாயன அடையாளத்தை முத்திரை போலக் குத்திவைக்கும். புதிதாக எழுதிய பக்கத்துக்கு அந்த முத்திரை விழக் கொஞ்ச நேரம் ஆகும். ஆக, முத்திரை உள்ள பக்கம் பழையது, அதாவது அசல். முத்திரை இல்லாதது புதியது, அதாவது பிரதி. பழுது பார்க்கும் புரதங்கள் முத்திரை இல்லாத பக்கத்தை வெட்டி, தப்பான எழுத்தோடு சேர்த்து ஒரு நீளத்தையே உரித்து எறிந்துவிட்டு, மறுபடி எழுதவைக்கின்றன. 1980-களின் இறுதிக்குள் இந்த மொத்த வேலையையும், செல்லுக்கு வெளியே, சோதனைக் குழாயில் தனித்தனிப் புரதங்களைக் கலந்தே நடத்திக்காட்டியது மோட்ரிச்சின் குழு. இந்த ஏற்பாட்டால் பிழைகள் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு குறைகின்றன. 2015-ல் தாமஸ் லிண்டால், அஸீஸ் சஞ்சார் ஆகியோருடன் மோட்ரிச்சுக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது இதற்காகத்தான். மனிதர்களிடம் இந்த மீத்தைல் முத்திரை முறை இல்லை. நம் செல்கள் புதிய பக்கத்தை அடையாளம் காண வேறு தடயங்களைப் பயன்படுத்துகின்றன.

காட்டிக்கொடுக்கும் வளைவே மறைத்தும் வைக்குமா?

இதுவரை தளர்ச்சி நல்ல செய்தியாகத்தான் இருந்தது. பிழை தன்னைத்தானே காட்டிக்கொடுக்கிறது, காவலாளி பிடித்துவிடுகிறார். ஆனால், நம் செல்லில் டி.என்.ஏ வெறுமனே நீட்டிப் படுத்திருப்பதில்லை.

ஒரு செல்லில் உள்ள டி.என்.ஏ-வை நீட்டிப் பிடித்தால் சுமார் 2 மீட்டர். அதை வைத்திருக்கும் உட்கருவோ, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவு. அதனால் டி.என்.ஏ, ஹிஸ்டோன் என்ற புரதங்களால் ஆன சிறு உருளைகளில், தையல் மெஷின் பாபினில் நூல் சுற்றுகிற மாதிரி சுற்றிவைக்கப்பட்டிருக்கிறது. ஒரு செல்லில் ஏறக்குறைய 3 கோடி பாபின்கள். ஒவ்வொன்றிலும் 147 ஜோடிகள், ஒன்றே முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாக. எந்த நீளத்துக்கு டி.என்.ஏ நேராக நிற்கப் பிடிவாதம் பிடிக்குமோ, அதே நீளத்தை இப்படி இறுக்கிச் சுற்றுவதென்றால் சும்மாவா? சுற்றியது அவிழப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

இங்கேதான் ஒரு கேள்வி. சுற்றப்பட்ட இடத்தில் ஒரு பொருந்தா ஜோடி இருந்தால்?

தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் டியூபை நினைத்துப் பாருங்கள். புது டியூபைச் சுருட்டினால் விறைத்துக்கொண்டு அவிழும். ஓரிடத்தில் நைந்துபோன பழைய டியூப், அந்த இடத்தில் மடங்கி, சுருட்டியபடியே படிந்து கிடக்கும். டி.என்.ஏ-வும் அப்படித்தான் நடந்துகொள்கிறதா என்று சோதித்துப் பார்த்தது, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் தேக்ஜிப் ஹா என்ற கொரிய வம்சாவளி விஞ்ஞானியின் குழு. ஆய்வு முடிவு 2024-ல் 'ஈலைஃப்' இதழில் வெளியானது.

முதலில் வளைவை அளந்தார்கள். சின்ன டி.என்.ஏ துண்டின் இரண்டு முனைகளிலும் வெவ்வேறு நிறத்தில் ஒளிரும் சாயம். துண்டு வளைந்து முனைகள் சேர்ந்து வளையமானால் ஒளியின் நிறம் மாறும். பொருந்தா ஜோடி உள்ள துண்டுகள் சீக்கிரமே வளையமாயின. அடுத்து, டி.என்.ஏ-வை ஹிஸ்டோன் பாபினில் சுற்றி, லேசர் ஒளியாலேயே நுண்மணியைப் பிடித்து இழுக்கும் கருவியால் அவிழ்த்துப் பார்த்தார்கள். ஒரே ஒரு சி-சி ஜோடி இருந்தால்கூட, அவிழ்க்கக் கூடுதல் பலம் தேவைப்பட்டது. அதாவது, பிழை உள்ள டி.என்.ஏ பாபினை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது!

இதன் அர்த்தம் கொஞ்சம் சங்கடமானது. பாபினில் சுற்றிய டி.என்.ஏ-வைப் பழுது பார்க்கும் புரதங்கள் அணுகுவது ஏற்கெனவே கஷ்டம். பிழை உள்ள இடம் இன்னும் இறுக்கமாகச் சுற்றிக்கொண்டால், காவலாளி வருவதற்குள் பிழை ஒளிந்துகொள்ளக்கூடும். எந்தத் தளர்ச்சி பிழையைக் காட்டிக்கொடுக்குமோ, அதே தளர்ச்சி பிழைக்குப் போர்வையும் ஆகலாம். இது சோதனைக் குழாயில் பார்த்த சங்கதி. உயிருள்ள செல்லில் எந்த அளவுக்கு இப்படி நடக்கிறது என்பது தனிக் கேள்வி. ஆனால், செல்லின் ஏற்பாட்டைப் பார்த்தால் அதற்கும் இந்த ஆபத்து தெரிந்திருக்கிறது என்றே தோன்றுகிறது. பழுது பார்க்கும் புரதங்கள், பிரதி எடுக்கும் இயந்திரத்தின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வருகின்றன. புது டி.என்.ஏ பாபினில் இறுகுவதற்கு முன்பே வேலையை முடித்துவிட வேண்டும் என்ற அவசரம்!

ஜி குடும்பத்துக்கு என்ன ஆயிற்று?

வார்த்தினுக்குப் பிறகு அந்த வரைபடத்தைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1960-களில் நெப்ராஸ்கா மாகாணத்தின் ஒமாஹாவைச் சேர்ந்த டாக்டர் ஹென்றி லிஞ்ச், இதே போன்ற குடும்பங்களைப் பார்க்க ஆரம்பித்தார். குடல் புற்றுநோய் பரம்பரையாக வரும் என்று சொன்னபோது பலரும் நம்பவில்லை. சாப்பாடு, சுற்றுச்சூழல் என்றே காரணம் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. லிஞ்ச் விடாமல் குடும்பம் குடும்பமாகப் போய் விவரம் சேர்த்தார். 'ஜி' குடும்பத்தையும் தேடிப் பிடித்தார். 1971-ல் அவர்களைப் பற்றி மறுபடி எழுதினார். இன்று அந்த நோய்க்கு அவர் பெயர்தான். லிஞ்ச் சிண்ட்ரோம்.

1993-ல் முடிச்சு அவிழ்ந்தது. இந்த நோயாளிகளின் கட்டிகளில், 'சிஏசிஏசிஏ' என்று ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் பகுதிகள் கன்னாபின்னாவென்று நீண்டும் குறுகியும் இருந்தன. பிரதி எடுக்கும் என்சைம் அடிக்கடி வழுக்குவது இப்படிப்பட்ட இடங்களில்தான். ஒரு பாட்டில் ஒரே வரி பலமுறை வந்தால், எத்தனையாவது முறை பாடுகிறோம் என்று தடுமாறுவோமே, அது மாதிரி. பாக்டீரியாவில் மியூட்-எஸ் கெட்டுப்போனாலும் இதே குழப்பம்தான் வரும் என்பது ஏற்கெனவே தெரியும். மனிதர்களிடம் அதற்கு இணையான மரபணுவைத் தேடினார்கள். கிடைத்தது. பெயர் எம்.எஸ்.ஹெச்.2. அடுத்த வருடமே எம்.எல்.ஹெச்.1 என்ற இன்னொன்றும் சிக்கியது. பாக்டீரியாவுக்குள் நடந்த ஆராய்ச்சி ஒரு குடும்பத்தின் பரம்பரைத் துயரத்துக்கு விளக்கம் கொடுத்தது இப்படித்தான்.

ஒவ்வொருவருக்கும் இந்த மரபணு இரண்டு பிரதி இருக்கும். அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. லிஞ்ச் உள்ளவர்களுக்குப் பிறவியிலேயே ஒன்று பழுது. இன்னொன்று வேலை செய்வதால் பல வருடங்கள் ஒன்றும் தெரியாது. குடலிலோ கருப்பையிலோ ஏதோ ஒரு செல்லில் அந்த நல்ல பிரதியும் கெட்டுப்போகும் நாளில், அந்த செல்லுக்குக் காவலாளி இல்லாமல் போகிறார். அதன் பிறகு ஒவ்வொரு பிரிவிலும் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர 50 சதவிகித வாய்ப்பு. சுமார் 300 பேரில் ஒருவருக்கு இப்படிப்பட்ட மரபணு மாற்றம் இருக்கலாம் என்பது மேலை நாடுகளில் போட்ட கணக்கு. பெரும்பாலானோருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது.

தெரிந்தால் செய்வதற்கு நிறைய இருக்கிறது. குடும்பத்தில் 50 வயதுக்குள் யாருக்காவது குடல் புற்றுநோய் வந்திருந்தாலோ, ஒரே வழியில் அடுத்தடுத்த தலைமுறைகளில் குடல், கருப்பைப் புற்றுநோய்கள் வந்திருந்தாலோ, அதை டாக்டரிடம் சொல்வது அவசியம். கட்டியிலிருந்து எடுத்த திசுவில், பழுது பார்க்கும் நான்கு முக்கியப் புரதங்கள் இருக்கின்றனவா என்று சாயமேற்றிப் பார்க்கும் பரிசோதனை உண்டு. சந்தேகம் வந்தால் மரபணுப் பரிசோதனை. லிஞ்ச் உறுதியானால் இருபதுகளிலேயே தொடங்கி, ஒன்றிரண்டு வருடங்களுக்கு ஒரு முறை கொலோனோஸ்கோபி செய்துகொள்ளச் சொல்வார்கள். எந்த மரபணு என்பதைப் பொறுத்துத் தொடங்கும் வயது மாறும். புற்றாக மாறும் முன்பே சிறு கட்டிகளை அதில் எடுத்துவிடலாம். சாதாரண ஆஸ்பிரினும் உதவுகிறது. இங்கிலாந்தின் ஜான் பர்ன் தலைமையில், லிஞ்ச் உள்ள 861 பேரிடம் நடத்திய ஆய்வில், இரண்டு வருடங்கள் தினமும் ஆஸ்பிரின் எடுத்தவர்களுக்கு அதன் பிறகான பத்து வருடங்களில் குடல் புற்றுநோய் குறைவாகவே வந்தது. அதற்காக மெடிக்கல் ஷாப்பில் வாங்கித் தானாகவே சாப்பிட ஆரம்பிக்கக் கூடாது. ரத்தக்கசிவு அபாயம் உள்ள மருந்து அது.

நோய் வந்துவிட்டவர்களுக்கும், வியப்பான ஒரு திருப்பம் காத்திருந்தது. காவலாளி இல்லாத செல்லில் பிழைகள் குவிகின்றன அல்லவா? பிழையான மரபணுக்கள் விசித்திரமான புரதங்களை உருவாக்கும். இவ்வளவு விசித்திரங்கள் இருந்தால் உடலின் எதிர்ப்பு சக்திக்கு அந்தக் கட்டி 'அந்நியர்' என்று எளிதாக அடையாளம் தெரிந்துவிடும். எதிர்ப்பு சக்தியின் பிரேக்கை எடுத்துவிடும் இம்யூனோதெரபி மருந்துகள் இந்த வகைக் கட்டிகளில் மிக நன்றாக வேலை செய்கின்றன. 2017-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கட்டி எந்த உறுப்பில் இருக்கிறது என்று பாராமல், இந்தப் பழுதுபார்ப்புக் குறை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கொடுக்கலாம் என பெம்ப்ரோலிஸுமாப் மருந்துக்கு அனுமதி தந்தது. அப்படி ஓர் அனுமதி அதுவே முதல் முறை. 2022-ல் நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில், இதே குறைபாடு உள்ள மலக்குடல் புற்றுநோயாளிகளுக்கு டோஸ்டர்லிமாப் என்ற மருந்தை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். சிகிச்சையை முடித்த 12 பேரில் 12 பேருக்குமே கட்டி இருந்த சுவடு தெரியவில்லை. ஆபரேஷன் இல்லை, ரேடியேஷன் இல்லை. இந்தியாவில் இந்த ரக மருந்துகளின் விலை நடுத்தரக் குடும்பத்துக்கு இன்னும் எட்டாத உயரத்தில்தான் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

பாலின் கிராஸின் குடும்பத்தை டாக்டர்கள் இன்னும் மறக்கவில்லை. ஜெர்மனியிலிருந்து மிச்சிகனுக்குக் குடியேறிய அந்த வம்சத்தில் 900-க்கும் மேற்பட்டவர்களின் விவரம் பதிவாகியிருக்கிறது. அவர்களில் ஒருவர் கனடாவில் வசிக்கும் நாவலாசிரியர் ஆமி மெக்கே. பரிசோதனை செய்து, தனக்கும் அந்த மரபணு இருப்பதைத் தெரிந்துகொண்டவர். அந்த அனுபவத்தையும் பாலினின் கதையையும் சேர்த்து 2019-ல் புத்தகமாக எழுதினார்.

அவர்கள் குடும்பத்தின் பிழை எது என்பதும் இப்போது தெரியும். எம்.எஸ்.ஹெச்.2 மரபணுவில், டி இருக்க வேண்டிய ஓர் இடத்தில் ஜி இருக்கிறது. அவ்வளவுதான். பிழை பிடிக்கும் புரதத்தை எழுதும் மரபணுவிலேயே ஓர் எழுத்துப் பிழை. அதுவும் என்றோ ஒரு நாள், பெயர் தெரியாத ஒரு மூதாதையின் உடலில், பொருந்தாத ஒரே ஒரு ஜோடியாகத் தொடங்கியிருக்கலாம். அந்த இடத்தில் டி.என்.ஏ சற்றே வளைந்துகொடுத்திருக்கும். அன்றைக்கு அதைத் தொட்டுப் பார்க்க யாரும் வரவில்லை.